சூடானதும் லோடர் பூம் தூக்க மறுக்கிறது: பம்ப்பா, சிலிண்டரா, வால்வா?

தென்னந்தோப்பு

வணக்கம். பொள்ளாச்சி பக்கம் தோப்பு. 27 ஹெச்பி சின்ன டிராக்டர், ஃபோர் வீல் டிரைவ், செகண்ட் ஹேண்டில் வாங்கியது. முன்னால் இருக்கும் லோடர் டிராக்டரோடு வந்ததில்லை, பழைய ஓனர் ஒரு பட்டறையில் கொடுத்து மாட்டியிருக்கிறார். எரு, மட்டை, மண் எல்லாம் இதில்தான் அள்ளுகிறோம்.

காலையில் ஸ்டார்ட் செய்தால் நன்றாகத் தூக்குகிறது. ஒரு மணி நேரம் ஓடி எண்ணெய் சூடானதும் பூம் (பக்கெட்டைத் தாங்கும் கை) மெதுவாகப் போகிறது, பக்கெட் நிறைய ஈர எரு இருந்தால் பாதியில் நின்றே விடுகிறது. ஆக்சிலரேட்டர் கொடுத்தால் கொஞ்சம் ஏறும். இது போக, மேலே தூக்கி நிறுத்திவிட்டு லிவரைத் திரும்பத் தொட்டால் முதலில் ஒரு சாண் கீழே இறங்கி அப்புறம்தான் ஏறுகிறது. இரவு பூமைத் தூக்கி விட்டால் காலையில் பக்கெட் தரையில் இருக்கும்.

உள்ளூர் மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு பம்ப் போச்சு, 18,000 ஆகும் என்கிறார். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள், பம்ப்பை மாற்றினால் மூன்றும் தீருமா?

கியர்பம்ப்

மூன்றும் மூன்று வேறு கோளாறாக இருக்கலாம், அதனால் ஒரே சாமானை மாற்றி மூன்றையும் தீர்ப்பது கஷ்டம். பம்ப் என்று சொல்லிவிடுவது மெக்கானிக்குக்குச் சுலபம், ஆனால் உங்கள் டிராக்டரில் பம்ப் ஒன்றுதான், அதுதான் பூமுக்கும் பக்கெட்டுக்கும் பின்னால் கலப்பை தூக்கும் லிஃப்டுக்கும் எண்ணெய் தருகிறது. அதனால் காசு செலவில்லாமல் முதலில் இதைப் பாருங்கள்: வண்டி நன்றாகச் சூடான நிலையில் பக்கெட்டை மடக்கி விரிக்கும் வேகமும் வலுவும் குறைகிறதா? பின் லிஃப்டில் ரோட்டவேட்டர் மாட்டினால் தூக்குகிறதா? இரண்டும் காலையில் இருந்த மாதிரியே இருந்து பூம் மட்டும் சோர்ந்தால், பம்ப்பைத் தொடவே வேண்டாம். ஒரு சொட்டுநீர்க் குழாய் வெடித்ததற்காகக் கிணற்று மோட்டரை யாரும் மாற்றுவதில்லை.

எல்லாமே சேர்ந்து சோர்ந்தால் எண்ணெய் அளவு, சக்ஷன் ஸ்ட்ரெய்னர் (பம்ப் எண்ணெய் இழுக்கும் வழியில் உள்ள வடிகட்டி), சக்ஷன் ஹோஸில் காற்று இழுப்பு, அப்புறம்தான் பம்ப். அதிலும் ஒரு வித்தியாசம் உண்டு. ஸ்ட்ரெய்னர் அடைத்திருந்தால் எண்ணெய் கெட்டியாக இருக்கும் காலையில்தான் பம்ப் ஊளையிடும், சூடானால் கொஞ்சம் தேவலை ஆகும். உங்களுக்கு நேர்மாறாக இருக்கிறது. சூடாகி எண்ணெய் இளகியதும் எங்கோ உள்ளேயே கசிகிறது என்றுதான் அர்த்தம்.

இன்னொன்று, வேகம் குறைவதையும் வலு குறைவதையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். வேகம் லிட்டர் கணக்கு (எண்ணெய் வரத்து), வலு பார் கணக்கு (அழுத்தம்). 50 மி.மீ. போர் (உள்விட்டம்), 40 செ.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் நீளம்) உள்ள இரண்டு பூம் சிலிண்டரும் நிறைய சுமார் 1.6 லிட்டர் எண்ணெய் வேண்டும், நிமிடத்துக்கு 25 லிட்டர் தரும் பம்ப் என்றால் நாலு வினாடியில் பூம் மேலே போய்விட வேண்டும். ஃபுல் ஆக்சிலரேட்டரில், காலி பக்கெட்டோடு, குளிர்ந்தும் சூடாகியும் நேரம் பாருங்கள். ஒரு 250 பார் கேஜ் வாங்கி பூம் லைனில் டீ (மூன்று வழி இணைப்பு) போட்டு மாட்டினால் இன்னும் தெளிவு. இந்த அளவு வண்டிகளில் பெரும்பாலும் 150 முதல் 180 பார் வரை இருக்கும், உங்கள் மேனுவலில் உள்ளதுதான் கணக்கு. உச்ச அழுத்தத்தை நிர்ணயிக்கும் ரிலீஃப் வால்வு ஸ்க்ரூவை மட்டும் கேஜ் இல்லாமல் திருகாதீர்கள், கசிவு அப்படியே இருக்கும், ஹோஸ்தான் வெடிக்கும்.

களத்துமேடு

இரவில் இறங்குகிறது என்றாலே பூம் சிலிண்டர் பிஸ்டன் சீல்தான் அண்ணா. சீல் கிட் வாங்கிப் போடுங்கள், முடிந்தது. எங்கள் ஊரில் எல்லா லோடருக்கும் அதுதான் வைத்தியம்.

மற்றபடி எண்ணெய் அளவைப் பாருங்கள். வெளியில் மாட்டிய லோடர் என்றால் சிலிண்டரும் ஹோஸும் சேர்ந்து மூணு நாலு லிட்டர் குடித்துவிடும், அதை யாரும் கூடுதலாக ஊற்றியிருக்க மாட்டார்கள். பூமையும் பின் லிஃப்டையும் கீழே இறக்கி வைத்து, சமதரையில் டிப் ஸ்டிக் பாருங்கள். எண்ணெய் பால் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர், நுரை இருந்தால் காற்று. கியர்பாக்ஸும் ஹைட்ராலிக்கும் ஒரே எண்ணெயில் ஓடும் வண்டி என்றால் யுடிடிஓ (கியர்பாக்ஸ், ஹைட்ராலிக், பிரேக் எல்லாவற்றுக்கும் பொதுவான டிராக்டர் எண்ணெய்) தான் ஊற்ற வேண்டும், கடைக்காரர் கொடுக்கும் இன்ஜின் ஆயிலை ஊற்றினால் எண்ணெயில் மூழ்கிய வெட் பிரேக் கத்த ஆரம்பிக்கும்.

கியர்பம்ப்

களத்துமேடு, எண்ணெய் விஷயம் சரி. சீல் விஷயத்தில் பாதிதான் சரி.

பிஸ்டன் சீல் போனதால் மட்டும் பூம் தரைக்கு வராது. சிலிண்டரின் இரண்டு போர்ட்டும் (எண்ணெய் போய்வரும் வாய்) நன்றாக மூடியிருக்கிறது என்று வையுங்கள். பிஸ்டன் இறங்க வேண்டுமென்றால் அடிப்பக்க எண்ணெய் முழுக்க ராட் (பிஸ்டன் தண்டு) பக்கம் போக வேண்டும், ஆனால் ராட் இருக்கிற பக்கத்தில் அவ்வளவு இடம் கிடையாது, ராடே இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது. கொஞ்சம் அமுங்கி நின்றுவிடும். தரைவரை வருகிறதென்றால் எண்ணெய் எங்கோ வெளியேறுகிறது, வெளியே ஒழுகல் இல்லை என்றால் அது டிசி வால்வு (லிவர் அசைத்து எண்ணெயைத் திருப்பும் வால்வு) உள்ளே நகரும் ஸ்பூல் வழியாக டேங்குக்குத்தான் போகிறது. சீலும் போயிருந்தால் கதை இன்னும் மோசம்: சுமையைத் தாங்குவது பிஸ்டனின் முழுப் பரப்பு இல்லை, ராடின் பரப்பு மட்டும்தான். 50 மி.மீ. போருக்கு 30 மி.மீ. ராட் என்றால் உள்ளே அழுத்தம் கிட்டத்தட்ட 2.8 மடங்கு ஏறும், சுமாரான ஸ்பூல்கூட அப்போது வேகமாகக் கசியும். அதனால்தான் சீல் மாற்றியதும் இறங்குவது குறைகிறது, எல்லோரும் சீல்தான் காரணம் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

சோதிக்க வழி: பூமை முழுக்க மேலே தூக்கி, கீழே இரும்பு முட்டு கொடுங்கள், ஜாக்கி போதாது. இன்ஜினை நிறுத்திவிட்டு ஒரு சிலிண்டரின் ராட் பக்க ஹோஸைச் சிலிண்டர் முனையிலேயே கழற்றி, ஹோஸுக்கு அடைப்பு போடுங்கள். இன்ஜினை ஓட்டி லிவரைத் தூக்கும் பக்கம் பிடியுங்கள். திறந்த போர்ட்டில் முதலில் மிச்ச எண்ணெய் கொஞ்சம் வரும், அதற்கப்புறமும் தொடர்ந்து வந்தால் அந்த சிலிண்டர் சீல் அவுட். ஹோஸை மாட்டிவிட்டு அடுத்ததையும் தனியாகப் பாருங்கள். சூடான எண்ணெயில் செய்யுங்கள், குளிரில் நல்ல பிள்ளையாக நடிக்கும். சீல் போயிருந்தால் ஹோஸைக் கழற்றியதுமே பூம் இறங்கப் பார்க்கும், அதற்குத்தான் முட்டு. பூமுக்கு அடியில் ஆள் நிற்கவே கூடாது.

வயலும்வண்டியும்

கழற்றுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஹோஸில் ஊசிமுனை ஓட்டை இருந்தால் கையால் தடவித் தேடாதீர்கள், ஒரு அட்டையை நீட்டிப் பாருங்கள். அந்த அழுத்தத்தில் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். முதலில் குண்டூசி குத்தின அளவுதான் தெரியும், வலிகூட பெரிதாக இருக்காது, ஆனால் சில மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை செய்து சுத்தம் பண்ணாவிட்டால் விரலையே எடுக்க வேண்டி வரலாம். நாளைக்குப் பார்க்கலாம் என்று விடும் காயம் இல்லை.

ஈர எரு சரி, மண் அள்ளும்போது கணக்கு பாருங்கள். ஈர மணல் கன மீட்டருக்கு இரண்டு டன் பக்கம் வரும், 0.2 கன மீட்டர் பக்கெட் என்றால் 400 கிலோ. சின்ன வண்டி லோடர் பலதுக்கு அதுவே உச்சம். பின்னால் எதிர்எடை இல்லாமல் அதைத் தூக்குவது வேறு ஆபத்து.

தென்னந்தோப்பு

எல்லோருக்கும் நன்றி. சூடான பிறகு பக்கெட் மடங்குவதும் பின் லிஃப்டும் காலையில் மாதிரியே இருக்கின்றன, பூம் மட்டும்தான் சோர்கிறது. பம்ப் ஆர்டரை நிறுத்தச் சொல்லிவிட்டேன். எண்ணெய் அளவு கீழ்க்கோட்டுக்கும் கீழே இருந்தது, ஊற்றியாயிற்று, ஆனால் அதனால் பூமில் மாற்றம் இல்லை. கேஜில் பூம் குளிர்ந்த நிலையில் 160 பார், சூடானதும் 110. கியர்பம்ப் சொன்ன சோதனையில் இடது சிலிண்டர் சுத்தமாக இருக்கிறது, வலது சிலிண்டர் போர்ட்டில் எண்ணெய் நிற்காமல் ஓடியது. பிரித்தால் பிஸ்டன் சீல் ஒரு பக்கம் கிழிந்திருக்கிறது. ராடில் கீறல் இல்லை, போரும் விரலுக்கு வழுவழுப்பாகத்தான் இருக்கிறது. கிட் போட்ட பிறகு சூட்டில் 155 காட்டுகிறது, எரு தூக்குகிறது.

இன்னும் இரண்டு பாக்கி. இரவில் இப்போது தரைக்கு வருவதில்லை, ஆனால் ஒரு அடி இறங்கிவிடுகிறது. லிவரைத் தொட்டதும் கீழே குதிப்பது அப்படியே இருக்கிறது. வால்வை மாற்றிவிடலாமா?

கியர்பம்ப்

ஒரு அடி இறங்குவது ஸ்பூலின் சாதாரணக் கசிவு, புது வால்விலும் கொஞ்சம் இருக்கும். வேலை முடிந்ததும் பக்கெட்டைத் தரையில் இறக்கி நிறுத்துங்கள், எப்படியும் அப்படித்தான் நிறுத்த வேண்டும்.

கீழே குதிப்பது லோட் செக் வால்வு. லிவரைத் தொட்ட நொடியில் பம்ப் அழுத்தம் சுமையைத் தாங்கும் அளவுக்கு இன்னும் ஏறியிருக்காது, அந்த இடைவெளியில் சிலிண்டர் எண்ணெய் பின்னோக்கி ஓடாமல் தடுக்க ஒரு பந்தும் ஸ்ப்ரிங்கும் உள்ளே இருக்கும். அதில் தூசி மாட்டியிருக்கலாம், ஸ்ப்ரிங் உடைந்திருக்கலாம், விலை குறைந்த சில வால்வுகளில் அது இருக்கவே இருக்காது. முதலில் அந்தப் பிளக்கைத் திறந்து சுத்தம் செய்யுங்கள், அதுவரை லிவரைத் தூக்கும்போது கொஞ்சம் ஆக்சிலரேட்டர் கொடுத்தால் குறையும்.

மாற்றத்தான் வேண்டும் என்றால் லோட் செக், ஃப்ளோட் (பூம் தரையின் மேடுபள்ளத்தோடு தானே ஏறி இறங்கும் நிலை), பவர் பியாண்ட் (அழுத்த எண்ணெயை அடுத்த வால்வுக்கு அனுப்பும் தனி வழி) மூன்றும் உள்ள வால்வாகக் கேளுங்கள். பழையதைக் கழற்றும் முன், பின் லிஃப்டுக்குப் போகும் லைனை எந்தப் போர்ட்டிலிருந்து எடுத்திருக்கிறார்கள் என்று ஒரு ஃபோட்டோ எடுத்துப் போடுங்கள். பட்டறையில் மாட்டியவற்றில் பல இடங்களில் டேங்க் போர்ட்டிலிருந்தே எடுத்திருப்பார்கள். பின் லிஃப்ட் தூக்கும்போதெல்லாம் அந்த அழுத்தம் டேங்க் போர்ட்டில் ஏறும், அந்தப் போர்ட் அவ்வளவு அழுத்தத்துக்குச் செய்ததில்லை, வால்வு பாடியே விரிசல் விடும். அப்படி இருந்தால் புது வால்வில் பவர் பியாண்ட் ஸ்லீவ் போட்டு லைனை அங்கே மாற்றி, டேங்குக்குத் தனி ரிட்டர்ன் ஹோஸ் இழுக்க வேண்டும்.