‘விண்ட் ஆஃப் சேஞ்ச்’ பெர்லின் சுவரைப் பற்றிய பாடலா?

கேள்வி:
ஸ்கார்பியன்ஸ் குழுவின் ‘விண்ட் ஆஃப் சேஞ்ச்’ (மாற்றத்தின் காற்று) என்னும் இந்தப் பாடல் ஒலிக்கும்போதெல்லாம் பெர்லின் சுவரின் மீது மக்கள் ஏறி நிற்கும் காட்சிதான் என் மனத்தில் எழுகிறது. ஆனால் வரிகளைக் கூர்ந்து கேட்டால் பெர்லினின் பெயரே அதில் இல்லை. மாஸ்க்வா ஆறும் கார்க்கி பூங்காவும்தான் வருகின்றன. விடுதலையையும் புதிய தொடக்கத்தையும் பாட வந்த ஜெர்மானியக் குழு மாஸ்கோவை நாடியது ஏன்? விளக்கினால் மகிழ்வேன்.

மறுமொழி 1:
பாடலின் கரு, சுவர் திறக்கப்படுவதற்கு முன்பே உருவாகிவிட்டது, நண்பரே. 1989 ஆகஸ்ட் 12, 13 ஆகிய நாள்களில் மாஸ்கோ லெனின் விளையாட்டரங்கில் நடந்த ராக் இசை விழாவில் பான் ஜோவி, ஆஸி ஆஸ்போர்ன் ஆகியோருடன் ஸ்கார்பியன்ஸ் குழுவும் பாடியது. அப்போது வெவ்வேறு நாட்டுக் கலைஞர்களும் சோவியத் படைவீரர்களும் ஒன்றாகப் படகேறி ஆற்றில் சென்ற அனுபவமே பாடகர் கிளாவுஸ் மைனேயை எழுதத் தூண்டியது. சுவர் திறந்ததோ நவம்பர் 9 அன்று. பாடல் 1990இல் ‘கிரேஸி வேர்ல்ட்’ தொகுப்பில் வெளிவந்து, 1991இல் தனிப்பாடலாகப் பரவியபோது, சுவரின் காட்சிகள் அதனோடு பிரிக்க முடியாதபடி ஒட்டிக்கொண்டன.

எனவே இதை வெற்றிப் பாடலாகக் கொள்வது பொருந்தாது என்பேன். முடிவு எப்படி அமையும் என்று எவருக்கும் தெரியாத ஒரு கோடைக்காலத்தில், நேற்றுவரை எதிரி என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் உடன்பிறந்தார் போல நெருங்க முடியுமா என்று வியந்து கேட்பதுதான் அதன் உள்ளம். 1941இல் ஜெர்மானியப் படைகள் பீரங்கி வண்டிகளோடு புகுந்த நாட்டுக்கு, அடுத்த தலைமுறை கிதாரோடு சென்றது என்பதை நினைத்துப் பார்த்தால், மாஸ்கோ ஏன் என்ற வினாவுக்கு விடை கிடைத்துவிடும்.

மறுமொழி 2:
மேலே உள்ள விளக்கத்தை ஏற்கிறேன். இசையையும் சேர்த்துக் கேளுங்கள். தொடக்கத்தில் வரும் சீழ்க்கை, மேடை முழக்கம் எதுவுமின்றித் தனியே நடந்து போகும் ஒருவன் எழுப்பும் ஒலியாகவே இருக்கிறது. பின்னர், ரஷ்யர்களின் பலலைக்கா என்னும் நரம்பிசைக் கருவியைத் தன் கிதாரின் எண்ணத்தைப் பாடச் சொல்கிறான். தன் பாட்டை மற்றவரின் கருவியிடம் ஒப்படைக்கும் அந்த வரியைத்தான் நான் பாடலின் உயிராகக் கருதுகிறேன்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. அப்படியானால், 2022இல் உக்ரைன் மீதான படையெடுப்புக்குப் பிறகு மைனே தொடக்க வரிகளை மாற்றி, மாஸ்கோ வந்த இடத்தில் உக்ரைனை வைத்துப் பாடியது பாடலின் பொருளைக் குலைத்துவிடவில்லையா?

மறுமொழி 1:
குலைக்கவில்லை என்றே கருதுகிறேன். படையெடுத்த நாட்டின் தலைநகரை அதே கனிவோடு தொடர்ந்து பாடியிருந்தால்தான் அது பொய்யாகியிருக்கும். முன்பு காற்று வீசத் தொடங்கிவிட்டது என்று பாடியவர், இப்போது அது திசை மாறுவதற்காகக் காத்திருப்பதாகப் பாடுகிறார். பழைய வரிகள் பதிவில் அப்படியே இருக்கின்றன. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள்.