எதிர்காலத்தில் என்ன ஆக வேண்டும் என்று தெரியாத நிலையில் எந்தப் பாடப்பிரிவைத் தேர்ந்தெடுப்பது?

கேள்வி: கரிசல் மாணவி

அனைவருக்கும் வணக்கம். கோவில்பட்டிக்கு அருகிலுள்ள கிராமத்திலிருந்து எழுதுகிறேன். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில், தமிழ் வழியில் படித்தேன். பொதுத்தேர்வில் கணிதத்தில் 92, இயற்பியலில் 86, வேதியியலில் 88 மதிப்பெண்கள் பெற்றிருக்கிறேன். கணித மதிப்பெண்ணோடு மற்ற இரண்டிலும் பாதியைச் சேர்த்தால் பொறியியல் கட்-ஆஃப் 179 வருகிறது. அப்பா தீப்பெட்டி ஆலையில் வேலை பார்க்கிறார். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போகும் முதல் ஆள் நான்தான்.

தேர்வு முடிவு வந்த நாளிலிருந்து வீட்டுக்கு வருகிற எல்லோரும் அடுத்து என்ன படிக்கப் போகிறாய் என்று கேட்கிறார்கள். கணினி அறிவியலைத் தவிர வேறு எதையும் நினைத்துப் பார்க்காதே என்கிறார் மாமா. சென்னையில் மென்பொருள் நிறுவனத்தில் இருக்கும் பக்கத்து வீட்டு அண்ணனோ, செயற்கை நுண்ணறிவு வந்துகொண்டிருக்கிறது, நீ படித்து முடிக்கும்போது புதியவர்களுக்கு வேலை இருக்குமோ என்னவோ என்று பயமுறுத்துகிறார். பி.எஸ்சி. கணிதம் படித்து ஆசிரியராகலாம் என்பது எங்கள் கணக்கு டீச்சரின் யோசனை. அப்பா மட்டும், "உனக்குப் பிடித்ததைப் படிம்மா" என்று சொல்லிவிட்டார். எனக்கு அதுதான் எல்லாவற்றிலும் கடினமாக இருக்கிறது. கணக்கு வரும், இயற்பியலில் மின்சாரப் பாடங்களை விரும்பிப் படித்தேன், அதற்கு மேல் என்னைப் பற்றி எனக்கே தெரியவில்லை. என் தோழி எட்டாம் வகுப்பிலிருந்தே செவிலியராக வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவளைப் பார்க்கும்போது என்னிடம் ஏதோ குறை இருப்பதுபோல் தோன்றுகிறது.

இலட்சியம் என்று ஒன்று இல்லாதவர்கள் எதை வைத்து முடிவெடுப்பது? தவறாகத் தேர்ந்தெடுத்துவிட்டால் பிறகு வழி மாற முடியுமா?

பதில்: தென்மாவட்டப் பேராசிரியர்

வணக்கம். பொறியியல் கல்லூரி ஒன்றில் பத்தொன்பது ஆண்டுகளாக இசிஇ (மின்னணுவியல், தகவல் தொடர்புப் பொறியியல்) பாடம் நடத்துகிறேன். பதினேழு வயதில் என்ன ஆக வேண்டும் என்று தெரியாமல் இருப்பதைக் குறையாக எண்ண வேண்டாம். ஏன் இந்தப் பிரிவை எடுத்தீர்கள் என்று முதல் வகுப்பில் ஒவ்வோர் ஆண்டும் கேட்பேன். "என் கட்-ஆஃபுக்கு இதுதான் கிடைத்தது" என்றுதான் பெரும்பாலானவர்கள் சொல்வார்கள். அவர்களில் பலர் நன்றாகப் படித்துத் தேறினார்கள், சிலர் நான்கு ஆண்டுகளையும் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினார்கள். அந்தப் பிரிவில் அன்றாடம் செய்தாக வேண்டிய வேலை ஒருவருக்கு ஒத்துப்போகிறதா என்பதைப் பொறுத்தே இந்த வேறுபாடு அமைந்ததாக எனக்குத் தோன்றுகிறது.

ஒரு காட்சியைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் கல்லூரி மைதானத்தில் சிவில் மாணவர்கள் லெவலிங், அதாவது நிலத்தின் உயர வேறுபாட்டு அளவு, எடுத்துக்கொண்டிருந்தார்கள். மார்ச் மாத நண்பகல் வெயில். தொடங்கிய புள்ளிக்கே சுற்றி வந்து பார்த்தபோது ஒரு குழுவின் அளவு பன்னிரண்டு மில்லிமீட்டர் பிசகியிருந்தது. நோட்டில் சரிக்கட்டி எழுதிவிடலாம் என்று குழுவில் மூவர் சொல்ல, நான்காவது மாணவி எதுவும் பேசாமல் அளவுகோலைத் தோளில் சாய்த்துக்கொண்டு முதல் புள்ளிக்கு மறுபடியும் நடந்தார். பின்னொரு நாள் அவரிடம் பேசியபோதுதான், அவரும் வேறு பிரிவு கிடைக்காததால் சிவிலுக்கு வந்தவர் என்று தெரிந்தது. அந்தப் பிசகைப் பொறுத்துக்கொள்ள முடியாத குணம் தன்னிடம் இருப்பது, அந்த வெயிலில் நிற்கும் வரை அவருக்கே தெரியாது.

ஆகவே, வேலையின் பெயரை வைத்துப் பிரிவைத் தேடாமல், அங்கே ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகலில் என்ன செய்துகொண்டிருப்பீர்கள் என்று பாருங்கள். அண்ணா பல்கலைக்கழகத்துடன் இணைந்த கல்லூரிகளில் எந்தப் பிரிவை எடுத்தாலும் முதலாண்டின் பெரும்பகுதி கணிதம், இயற்பியல், வேதியியல், ஆங்கிலம், நிரலாக்கம் என்று ஏறத்தாழ ஒன்றாகத்தான் இருக்கும். பாதைகள் உண்மையில் பிரிவது மூன்றாம் பருவத்தில் (செமஸ்டரில்). கணினி அறிவியல் என்றால் தரவுக் கட்டமைப்புகள், தனிநிலைக் கணிதம். இசிஇ என்றால் சிக்னல்கள், மின்னணுச் சுற்றுகள். டிரிபிள் இ (மின், மின்னணுப் பொறியியல்) என்றால் மின்காந்தப் புலங்கள், மின் எந்திரங்கள். சிவில் என்றால் பாய்ம இயக்கவியல், நில அளவை. பாடத்திட்டங்கள் பல்கலைக்கழக இணையதளத்திலேயே கிடைக்கும். ஐஐடிகளும் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து நடத்தும் என்பிடெல் தளத்தில் இந்தப் பாடங்களுக்கெல்லாம் இலவசக் காணொளிகள் இருக்கின்றன. ஒவ்வொரு பிரிவிலும் மூன்றாம் பருவப் பாடம் ஒன்றை எடுத்து, முதல் மூன்று வகுப்புகளைக் கையில் நோட்டுடன் பாருங்கள். முழுவதும் புரிய வேண்டும் என்ற கட்டாயமில்லை. புரியாத இடத்தில் காணொளியை நிறுத்திவிட்டு, மறுபடியும் போட்டுப் பார்க்கத் தோன்றுகிறதா என்பதை மட்டும் கவனியுங்கள்.

தமிழ் வழியில் படித்ததைப் பற்றிய தயக்கம் உங்களுக்குள் இருக்கும் என்று நினைக்கிறேன். என் வகுப்பில் தமிழ் வழி மாணவர்கள் முதல் உள்தேர்வில் தடுமாறுவதையும், இரண்டாம் பருவ முடிவில் நிமிர்ந்துவிடுவதையும் தொடர்ந்து பார்த்து வருகிறேன். அந்த அச்சத்தால் ஒரு பிரிவை விட்டுவிடாதீர்கள்.

பதில்: கணிதம் படித்தவள்

தங்கைக்கு வணக்கம். பேராசிரியர் சொன்ன சோதனை நல்லது. இருந்தாலும் நம்மைப் போன்ற வீடுகளில் பிடித்தம் பாதிதான், பணக் கணக்கு மறுபாதி. நான் அரசு கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம் முடித்துவிட்டு எம்.சி.ஏ. படித்தேன், இப்போது கோயம்புத்தூரில் மென்பொருள் சோதனைப் பிரிவில் இருக்கிறேன்.

வழி மாற முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். கணிதப் பட்டத்தைப் பொறுத்தவரை, முடியும். எம்.சி.ஏ. இப்போது இரண்டே ஆண்டுகள். ஜாம் தேர்வு எழுதி ஐஐடியில் எம்.எஸ்சி. சேரலாம். பி.எட். முடித்து ஆசிரியராகலாம். பி.எஸ்சி. முடித்தவர்கள் நேரடியாகப் பொறியியல் இரண்டாம் ஆண்டில் சேர்வதற்கென்று தனிக் கலந்தாய்வே நடக்கிறது. டி.என்.பி.எஸ்.சி. குரூப் 1 தேர்வுக்கும் யு.பி.எஸ்.சி. குடிமைப் பணித் தேர்வுக்கும் ஏதேனும் ஒரு பட்டம் இருந்தால் போதும். ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும்: மூன்று ஆண்டு முடிந்தவுடன் பெரும்பாலானவர்களுக்கு நல்ல சம்பளம் கிடைத்துவிடாது, மேலும் இரண்டு ஆண்டுகள் படித்தாக வேண்டியிருக்கும். அந்த ஐந்து ஆண்டுகளுக்கு வீடு தாங்குமா என்பதை அப்பாவோடும் அம்மாவோடும் உட்கார்ந்து இப்போதே பேசிவிடுங்கள். நான் பேசவில்லை, எம்.சி.ஏ. சேர்ந்த பிறகுதான் அம்மாவின் வளையல் அடகுக்குப் போனது எனக்குத் தெரிந்தது.

உங்களுக்குச் சாதகமான ஒரு பெரிய விஷயம் இருக்கிறது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 2021 முதல் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு உண்டு. அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. இதற்குத் தரவரிசைப் பட்டியலும் தனி என்பதால், சென்ற ஆண்டுப் பொதுக் கட்-ஆஃபைப் பார்த்து, 179-க்கு அந்தக் கல்லூரி கிடைக்காது என்று நீங்களாகவே ஒதுங்கிவிடாதீர்கள். எந்தப் பட்டப்படிப்பில் சேர்ந்தாலும், அரசுப் பள்ளியில் படித்த மாணவிகளுக்கான புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் உங்கள் வங்கிக் கணக்கில் வரும். நான் படித்த காலத்தில் இவை எதுவும் இல்லை. உங்கள் இடத்தில் இன்று நான் இருந்தால் பொறியியலைத்தான் முதலில் முயன்று பார்ப்பேன் என்பதைக் கணிதத்தின் மீது அவ்வளவு பிரியம் வைத்திருந்தும் சொல்கிறேன்.

இன்னொன்றையும் தயவுசெய்து நினைவில் வையுங்கள். மூலச் சான்றிதழ்களை யாரிடமும் கொடுத்துவிட்டு வராதீர்கள். பன்னிரண்டாம் வகுப்பு முடிந்த கோடையில் ஒருவர் வீட்டுக்கே வந்து, "இடம் உறுதி, சான்றிதழை மட்டும் கொடுங்கள்" என்று சொல்லி எங்களை ஒரு தனியார் கல்லூரிக்கு அழைத்துச் சென்றார். பிறகு வேண்டாம் என்று முடிவெடுத்தபோது, கட்டிய முன்பணம் போனதோடு மதிப்பெண் பட்டியலைத் திரும்ப வாங்க அப்பா ஐந்து முறை அலைந்தார். மூலச் சான்றிதழ்களைக் கல்லூரிகள் பிடித்துவைத்துக்கொள்ளக் கூடாது என்று 2018-இல் யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) தெளிவாகவே அறிவித்திருக்கிறது. சரிபார்த்தவுடன் கையோடு திரும்ப வாங்கிவிடுங்கள்.

பதில்: 2012 மெக்கானிக்கல்

பக்கத்து வீட்டு அண்ணன் கிளப்பிய பயத்தைப் பற்றி மட்டும் நான் எழுதுகிறேன். நான் பொறியியல் சேர்ந்த காலத்தில் கலந்தாய்வு கிண்டியில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் நேரில் நடந்தது. கலந்தாய்வுக் கடிதத்தைக் காட்டினால் அரசுப் பேருந்தில் எனக்கும் உடன் வந்த அப்பாவுக்கும் பாதிக் கட்டணம். பெரிய திரையில் ஒவ்வொரு கல்லூரியின் காலியிடமும் எண்ணிக்கை குறைந்துகொண்டே வரும். எங்கள் வரிசையில் உட்கார்ந்திருந்த பையன்களில் முக்கால்வாசிப் பேர் கேட்டது மெக்கானிக்கல். மென்பொருளுக்கு இனி எதிர்காலம் இல்லை, கார் தொழிற்சாலைகள்தான் எல்லாம் என்று அந்த ஆண்டு எங்கள் ஊரில் எல்லோரும் அவ்வளவு உறுதியாகச் சொன்னார்கள். நான்கு ஆண்டுகள் கழித்து என் வகுப்பு நண்பர்களில் பாதிப் பேர் மென்பொருள் நிறுவனங்களில்தான் வேலைக்குச் சேர்ந்தார்கள். நான் ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறேன்; பிடித்துத்தான் செய்கிறேன்.

சேரும்போது இருக்கும் சந்தை, படித்து முடிக்கும்போது அப்படியே இருக்கும் என்று யாராலும் உறுதி கூற முடியாது. மாமாவும் அண்ணனும் உங்கள் மீதுள்ள அக்கறையால்தான் சொல்கிறார்கள் என்றாலும், நான்கு ஆண்டுகளுக்குப் பின் எந்த வேலை இருக்கும் என்பதை அவர்களும் உங்களைப் போல ஊகிக்கத்தான் முடியும். கணினி மீது ஆர்வம் பின்னால் வந்தாலும் தாமதமாகிவிட்டது என்று ஆகாது. 2022 முதல் ஒரே நேரத்தில் இரண்டு பட்டங்கள் படிக்க யு.ஜி.சி. அனுமதித்திருக்கிறது. சென்னை ஐஐடி இணையவழியில் நடத்தும் தரவு அறிவியல் பட்டத்துக்கு ஜேஇஇ நுழைவுத் தேர்வு தேவையில்லை, அதன் தகுதித் தேர்வில் தேறினால் போதும்; குடும்ப வருமானத்தைப் பொறுத்துக் கட்டணச் சலுகையும் உண்டு. என் சித்தப்பா மகன் சிவில் படித்துக்கொண்டே அதையும் படிக்கிறான்.

அவனுக்கு இணையவழிக் கலந்தாய்வில் உதவியபோது தெரிந்துகொண்டதையும் சொல்லிவிடுகிறேன். விருப்பப் பட்டியலில் எத்தனை கல்லூரிகளை வேண்டுமானாலும் சேர்க்கலாம். மேலிருந்து கீழாகப் பார்த்து, உங்கள் தரவரிசைக்கு முதலில் எது காலியாக இருக்கிறதோ அதையே கணினி ஒதுக்கும். எனவே கிடைக்குமா கிடைக்காதா என்று கணக்குப் போடாமல், உண்மையிலேயே எது முதலில் வேண்டுமோ அதை முதலில் எழுதுங்கள். தற்காலிக ஒதுக்கீடு வந்த பிறகு, கிடைத்ததை ஏற்றுக்கொண்டு மேலே உள்ள விருப்பங்களுக்குக் காத்திருக்கும் வசதியும் இருக்கிறது. ஆனால் குறித்த நாளுக்குள் உறுதி செய்யாவிட்டால் இடம் கைவிட்டுப் போய்விடும். கைப்பேசியில் வரும் குறுஞ்செய்தியை மட்டும் நம்பாமல் தினமும் தளத்துக்குள் நுழைந்து பாருங்கள்.

கரிசல் மாணவி

ஐயாவுக்கும் அக்காவுக்கும் அண்ணனுக்கும் மிகுந்த நன்றி. பன்னிரண்டு நாட்கள் கழித்து எழுதுகிறேன். அம்மாவின் கைப்பேசியில் இரவு ஒன்பது மணிக்கு மேல்தான் காணொளி பார்க்க முடிந்தது. நில அளவை, தரவுக் கட்டமைப்பு, மின்னணுச் சுற்று, மின் எந்திரம் என்று நான்கையும் பார்த்தேன். நில அளவையில் இரண்டாவது வகுப்பிலேயே தூங்கிவிட்டேன். தரவுக் கட்டமைப்பில், ஒரு பட்டியலின் நடுவில் புதிய எண்ணைச் செருகுவதை நோட்டில் அம்புக்குறி போட்டுப் பார்த்தேன். புரிந்தது, பிடித்தும் இருந்தது. மின்னணுச் சுற்று வகுப்பில், மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டும் விடும் டயோடு வைத்த ஒரு கணக்குக்கு விடை தவறாகவே வந்துகொண்டிருந்தது. மணி பன்னிரண்டு ஆகிவிட்டது, படு என்று அம்மா விளக்கை அணைத்த பிறகும் மனம் அதிலேயே சுற்றிக்கொண்டிருந்தது. மறுநாள் காலையில் டயோடைத் திருப்பிப் போட்டிருந்தேன் என்று கண்டுபிடித்தேன். அதன் பிறகு மூன்று வகுப்புகளோடு நிறுத்த முடியாமல் பதினொன்று வரை பார்த்துவிட்டேன்.

அக்கா சொன்னபடி அப்பாவிடம் பணத்தைப் பற்றிப் பேசினேன். நான்கு ஆண்டுகள் சமாளித்துவிடலாம், ஐந்து என்றால் தம்பியின் படிப்போடு மோதும் என்றார். இவ்வளவு வெளிப்படையாக அப்பா என்னிடம் கணக்குச் சொன்னது இதுவே முதல் முறை.

இப்போதைக்கு என் பட்டியலில் திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரி இசிஇ முதலிலும், அதே கல்லூரியின் டிரிபிள் இ இரண்டாவதாகவும், கணினி அறிவியல் மூன்றாவதாகவும் இருக்கின்றன. அதற்குக் கீழே தூத்துக்குடி வ.உ.சி. பொறியியல் கல்லூரி. ஒன்றும் அமையாவிட்டால் என்ற எண்ணத்தில் ராணி அண்ணா அரசு மகளிர் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதத்துக்கும் விண்ணப்பித்துவிட்டேன். சான்றிதழ் சரிபார்ப்புக்கு அடுத்த வாரம் சேவை மையத்துக்குப் போகிறோம். நகல்களில் இரண்டு தொகுதி எடுத்து வைத்திருக்கிறேன், மூலச் சான்றிதழ்கள் அப்பாவின் பையில் இருக்கும். ஐயாவிடம் ஒரே ஒரு கேள்வி மீதம் இருக்கிறது: இசிஇ, டிரிபிள் இ இரண்டில் எது எனக்கு என்பதைக் காணொளியை வைத்துப் பிரித்தறிய முடியவில்லை; அதற்கு எந்தப் பாடத்தைப் பார்க்கலாம்?

தென்மாவட்டப் பேராசிரியர்

டயோடு திரும்பியிருந்ததை நீங்களே கண்டுபிடித்தீர்கள் என்று படித்தபோது மிகவும் மகிழ்ந்தேன். சிக்னல்கள் பாடத்தின் முதல் நான்கு வகுப்புகளையும், மின் எந்திரத்தில் மின்மாற்றி பற்றிய பகுதியையும் பாருங்கள். அலைகளைக் கணிதமாகப் பிரித்துப் பார்ப்பதில் மனம் சென்றால் இசிஇ, கம்பிச்சுருளும் இரும்பும் சேர்ந்து வேலை செய்வதில் சென்றால் டிரிபிள் இ. இரண்டும் பிடித்திருந்தால் இப்போதுள்ள வரிசையை மாற்ற வேண்டாம்.