செஸ் உதவி: ரெண்டு காய் கையில இருந்தும் மேட் வரல

தட்டோன்_தம்பி
அண்ணன்மாரே, அவசரம். எனக்கு ரெண்டு காய், அவனுக்கு வெறும் ராஜா. துரத்தித் துரத்திப் பார்த்தேன், தப்ப வழியில்லாம ராஜாவை மாட்ட முடியல, மேட் விழல, டிரான்னு முடிஞ்சிருச்சு. நாளைக் காலையில கோயில் மண்டபத்துல போட்டி. திரும்ப இப்படி வந்தா என்ன செய்யணும்? கரண்டு போறதுக்குள்ள சொல்லுங்க.

பெகு_பாண்டி
என்ன ரெண்டு காய் தம்பி? குறுக்குக் கோட்டுல ஓடுற பிஷப் ரெண்டா, ரெண்டு குதிரையா, ஒண்ணொண்ணா?

லத்தா_அக்கா
போனுலயா பலகையிலயா? டிரா ஆனது எதனால? ஸ்டேல்மேட்டா (செக் இல்லாமலே அவனுக்கு நகர வழியில்லாம போறது), காய் எதுவும் வெட்டாம, சிப்பாய் நகராம 50 நகர்த்தல் ஓடினதா, நேரம் முடிஞ்சதா? மூணும் வேற வேற நோய்ப்பா.

எட்டுக்கட்டம்
இது பாலபாடம். போட்டிக்குப் பேர் கொடுக்கிறதுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கணும். ஒரே ஒரு குதிரை, இல்லை ஒரே ஒரு பிஷப்: மேட்டே இல்லை. கறுப்புக் கட்டத்துல ஒண்ணு, வெள்ளைக் கட்டத்துல ஒண்ணுன்னு ரெண்டு பிஷப்: அதிகபட்சம் 19 நகர்த்தல்ல மேட். பிஷப்பும் குதிரையும்: அதிகபட்சம் 33. ரெண்டு குதிரை: எதிராளி தானா வந்து மாட்டினாத்தான் உண்டு, வற்புறுத்தி வைக்க முடியாது. தம்பி ஆடினது ரெண்டு குதிரையாத்தான் இருக்கும்.

மோல்மீன்_பெரியவர்
என் அனுபவத்துல காரணம் வேற. நம்ம ஊர்ப் பிள்ளைங்க டீக்கடையில சித்துயின், அதான் பர்மாச் சதுரங்கம், பார்த்து வளர்ந்தவங்க. அதுல பிஷப்புக்குப் பதிலா இருக்கிற யானை குறுக்கே ஒரு கட்டம், இல்லேன்னா நேரே முன்னால ஒரு கட்டம், அவ்வளவுதான் போகும். அந்தப் பழக்கத்துல பிஷப்பையும் எதிரி ராஜா பக்கத்துலயே கொண்டுபோய் வைக்கிறாங்க. தூரத்துல நிறுத்துங்க தம்பி. அங்கிருந்தே வழியை அடைக்கும்.

பெகு_பாண்டி
ஐயா, இப்ப எந்தப் பையன் சித்துயின் ஆடுறான்? எல்லாரும் போனுலதான் கத்துக்கிறாங்க.

மோல்மீன்_பெரியவர்
எங்க தெருவுல இன்னிக்கும் ஆடுறாங்க. வந்து பாருங்க.

தட்டோன்_தம்பி
குதிரை ஒண்ணு, பிஷப் ஒண்ணு. பலகையிலதான். மூலைக்குத் தள்ளிட்டேன், ஆனா நழுவி நழுவி வெளியே வந்துட்டான். 50 ஆயிருச்சு.

லத்தா_அக்கா
இதைத்தான் முதல்லயே கேட்டேன்! எந்த மூலை? பிஷப் எந்த நிறம்?

பிஷப் ஓடுற நிறத்து மூலையிலதான் மேட் விழும். வெள்ளைக் கட்டப் பிஷப்னா ஏ8, ஹெச்1 (எழுத்து நெடுக்கு வரிசை, எண் குறுக்கு வரிசை). விவரம் தெரிஞ்ச எதிராளி மத்த மூலைக்குத்தான் ஓடுவான். அங்க போனதும் வேலை பாதிதான் முடிஞ்சது, ஓரத்தோட ஓட்டிக்கிட்டு அடுத்த மூலைக்குக் கொண்டுபோகணும். பலகையை எடுத்து வை: உன் ராஜா எஃப்6, பிஷப் ஈ4, குதிரை ஈ5. அவன் ராஜா ஹெச்8.

குதிரை எஃப்7 செக், அவன் ஜி8. பிஷப் எஃப்5ல சும்மா ஒரு நகர்த்தல், அவன் எஃப்8. பிஷப் ஹெச்7, இனி ஜி8க்குத் திரும்ப முடியாது. அவன் ஈ8. இப்ப குதிரை ஈ5. இங்கதான் பயம் வரும், அவன் டி8, சி7ன்னு தப்பிச்சு ஓடுற மாதிரியே தெரியும். பதறாதே. உன் ராஜா ஈ6, குதிரை டி7, கதவு சாத்தியாச்சு. எஃப்7, ஈ5, டி7, சி5, பி7ன்னு குதிரை டபிள்யூ எழுத்து போட்டபடி போறதை மட்டும் ராத்திரி மனசுல பதிச்சுக்கோ.

தெரியலைன்னு கூச்சப்படாதே. 2013ல ஜெனீவாவுல அன்னா உஷெனினா, அப்ப மகளிர் உலகச் சாம்பியன், ஓல்கா கிர்யாவுக்கு எதிரா இதே முடிவுல மேட் வைக்க முடியாம 50 நகர்த்தல்ல டிரா ஆச்சு.

எட்டுக்கட்டம்
சரியான வழி. ஆனா கடிகாரத்துல நேரம் இல்லாதவனுக்கு இது உதவாது.

பெகு_பாண்டி
நேரம்னதும் ஒண்ணு. ரெண்டு குதிரை வெச்சிருக்கிறவனுக்கு எதிரா வெறும் ராஜாக்காரன் நேரம் முடிஞ்சா டிராதானே?

எட்டுக்கட்டம்
இல்லை. உலகச் செஸ் கூட்டமைப்பான ஃபிடே விதிப்படி, எந்த நகர்த்தல் வரிசையிலாவது மேட் வர வாய்ப்பு இருந்தாலே நேரம் விட்டவன் தோத்தான். ரெண்டு குதிரையில மேட் நிலை இருக்கு.

பெகு_பாண்டி
அமெரிக்காவுல அதை டிரான்னுதான் கொடுக்கிறாங்க. வற்புறுத்த முடியாத மேட்டுக்கு வெற்றி கொடுக்கிறது என்ன நியாயம்?

எட்டுக்கட்டம்
எதிராளிகிட்ட ஒரு சிப்பாய் இருந்தா ரெண்டு குதிரையாலயும் சில நிலையில வற்புறுத்தியே மேட் வைக்கலாம். ஒரு குதிரை சிப்பாயை மறிச்சு நிக்கும். கடைசியில அது நகர்ந்ததும், ஸ்டேல்மேட் ஆகவேண்டிய இடத்துல அவன் சிப்பாயைத் தள்ளியே ஆகணும். செஸ் புதிர் அமைச்ச ட்ராய்ட்ஸ்கி, சிப்பாய் எதுவரைக்கும் வந்திருந்தா இது முடியும்னு கோடு கிழிச்சே காட்டியிருக்கார். குதிரையைக் குறைச்சுப் பேசாதீங்க.

பெகு_பாண்டி
நான் கேட்டது சிப்பாய் இல்லாத நிலையை.

லத்தா_அக்கா
ரெண்டு பேரும் நிறுத்துங்க. தம்பி, எந்த விதின்னு ஆட்டம் தொடங்குறதுக்கு முன்னாடியே நடுவர்கிட்டக் கேட்டுக்கோ.

தட்டோன்_தம்பி
கேட்டேன் அக்கா, ஃபிடேதான். போட்டி முடிஞ்சது, குதிரை பிஷப் முடிவு வரவே இல்ல. யானையும் (ரூக்) சிப்பாயும் இருந்த முடிவுல ஜெயிச்சேன். நன்றி.

மோல்மீன்_பெரியவர்
சந்தோஷம் தம்பி. அவன்கிட்டயும் யானை இருந்துச்சா? சிப்பாய் எந்த வரிசையில?