அம்மாவின் முழங்கால் அறுவைச் சிகிச்சை: வலி மாத்திரை பற்றி ஓர் உதவி

வணக்கம். பெரம்பூரில் இருக்கிறோம். 67 வயது அம்மாவுக்கு வரும் வியாழக்கிழமை முழங்கால் மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சை. பிறகு சில நாள் டைக்ளோஃபினாக் என்ற வலி மாத்திரை தருவார்களாம். வீக்கமும் வலியும் தணியும், மார்ஃபின் வகை மருந்து குறைவாகத் தேவைப்படும் என்பது புரிகிறது. வலி அடங்கினால்தானே காலை மடக்கிப் பயிற்சி செய்ய முடியும்.

ஆனால் அம்மாவுக்குச் சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் 1.4, கொஞ்சம் அதிகம். ரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்டானும் நீர் பிரியும் மாத்திரையும் சாப்பிடுகிறார். இவற்றோடு டைக்ளோஃபினாக்கும் சேர்ந்தால் சிறுநீரகம் பாதிக்கப்படக்கூடும். முன்பு வயிற்றுப் புண் வேறு இருந்தது. பயமாகவே இருக்கிறது.

இதே நிலையில் பாரசிட்டமாலும் நரம்பை மரக்கச் செய்யும் ஊசியும் கொண்டே சமாளித்தவர்கள் உண்டா? புதன்கிழமை மயக்க மருத்துவரைப் பார்க்கிறோம். அவரிடம் என்னென்ன கேட்க வேண்டும் என்று தயவுசெய்து சொல்லுங்கள்.