ஃபெர்குசன் போனதும் யுனைடெட் ஏன் இப்படி ஆனது?

சிவப்புச்சட்டை:
2013 மே மாதம் தலைமைப் பயிற்சியாளர் ஃபெர்குசன் விடைபெற்றபோது நம்ம கால்பந்து கிளப் மான்செஸ்டர் யுனைடெட் 11 புள்ளி வித்தியாசத்தில் இங்கிலாந்து லீக் சாம்பியன். அவருக்கு அடுத்து மொயஸ் வந்த சீசனிலேயே 7ஆம் இடம். அதற்கப்புறம் வான் கால், மொரினியோ, சோல்ஷார், டென் ஹாக், அமோரிம் என்று எத்தனையோ பேரைப் பார்த்துவிட்டோம், 2024-25இல் 15ஆம் இடம் வரைக்கும் இறங்கியாயிற்று. இன்றும் எல்லாரும் மொயஸைத்தான் திட்டுகிறார்கள். ஆறு வருட ஒப்பந்தம் கொடுத்துவிட்டு பத்தே மாதத்தில் அனுப்பியது எனக்கு இன்னும் ஆறவில்லை. உண்மையில் தப்பு யார் மீது?

பழைய ரசிகன்:
மொயஸ் மேலும் தப்பு இருக்கிறது நண்பரே. வந்ததும் ஃபீலன், மியூலென்ஸ்டீன், ஸ்டீல் என்று ஃபெர்குசனின் உதவிப் பயிற்சியாளர்கள் வெளியேற, தன் பழைய கிளப்பான எவர்ட்டனில் தன்னோடு இருந்தவர்களைக் கூட்டி வந்தார். வீட்டைப் பற்றித் தெரிந்தவர் ஒருவர்கூட மிஞ்ச வேண்டாமா? 2014 பிப்ரவரியில் கடைசி இடத்தில் கிடந்த ஃபுல்ஹாமோடு நம்ம மைதானமான ஓல்டு டிராஃபோர்டில் நடந்த ஆட்டத்தை என்னால் மறக்கவே முடியாது. நம்ம ஆட்கள் 80க்கும் மேல் கிராஸ் (ஓரத்திலிருந்து கோல் முன்னால் அடிக்கும் பந்து) போட்டார்கள், பந்து மறுபடி மறுபடி பெட்டிக்குள் போய் தலையில் பட்டுத் திரும்பி வந்துகொண்டே இருந்தது, கடைசி நிமிடத்தில் கோல் வாங்கி 2-2. அன்று ஃபுல்ஹாமின் பயிற்சியாளர் யார் தெரியுமா, அதே மியூலென்ஸ்டீன்.

நடுக்களம்:
பயிற்சியாளர்கள் மட்டும் காரணமில்லை. ஆட்களை வாங்கி விற்கும் வேலை தெரிந்த தலைமை நிர்வாகி டேவிட் கில்லும் அதே கோடையில் போய்விட்டார். புதிதாக வந்த வுட்வர்டுக்கு அந்த வேலையில் பழக்கம் இல்லை, அதனால் அந்தக் கோடையில் பெரிய தொகைக்கு வந்தது, ஆள் வாங்கும் காலத்தின் கடைசி நாளில், ஃபெலைனி ஒருவர்தான். அணியும் வயதானது. ஸ்கோல்ஸ் ஓய்வு, கிக்ஸுக்கு 39, ஃபெர்டினாண்டுக்கு 34. 2012-13 பட்டத்தில் வான் பெர்சியின் 26 கோலை எடுத்துவிட்டுப் பாருங்கள், எவ்வளவு மிஞ்சும் என்று.

ஆன்ஃபீல்டு பக்கம்:
நான் லிவர்பூல் ஆள், இருந்தாலும் சொல்கிறேன். 1974இல் எங்கள் பயிற்சியாளர் ஷாங்க்லி போனபோது பக்கத்திலேயே 15 வருடம் இருந்த பெய்ஸ்லியிடம் கொடுத்தார்கள், ஒன்பது சீசனில் ஆறு லீக், மூன்று ஐரோப்பியக் கோப்பை. ஆனால் உள்ளேயிருந்து ஆள் எடுத்தால்தான் சரியாகும் என்றும் இல்லை. 2024இல் எங்கள் பயிற்சியாளர் குளோப் போகும்போது அவருடைய உதவியாளர்களும் போனார்கள், அடுத்து வந்த ஸ்லாட் வெளியாள், ஆனாலும் முதல் சீசனிலேயே லீக் ஜெயித்தார். குளோப் 2024 ஜனவரியிலேயே சொல்லிவிட்டதால் தேட நேரம் கிடைத்தது, விட்டுப்போன அணியும் நல்ல வயதில் இருந்தது. உங்களுக்கு ஃபெர்குசன் போவதாக மே 8 அறிவிப்பு, மே 9 மொயஸ்.

சிவப்புச்சட்டை:
அந்த ஒரு நாள் இடைவெளியை நான் யோசித்ததே இல்லை. 1969இல் எங்கள் பழைய பயிற்சியாளர் மேட் பஸ்பி ஒதுங்கியபோதும் எங்களுக்கு இதேதான் நடந்தது, அடுத்து வந்த மெக்கின்னஸ் தாக்குப்பிடிக்கவில்லை, பஸ்பியே திரும்பி வந்து கொஞ்ச நாள் நடத்தினார், 1974இல் இரண்டாம் டிவிஷனுக்கே போய்விட்டோம். அதைப் பார்த்தவர்கள் 2013இலும் கிளப்புக்குள் இருந்தார்கள், அதுதான் மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.