கல்லூரி சமுதாய வானொலி: ஜூன் முதல் மே வரை நிகழ்ச்சிகளை எப்படித் திட்டமிடுவது?

வேலந்தாவளம் பாதை (கேள்வி)

வணக்கம். கேரளத்தில் பாலக்காடு மாவட்டச் சித்தூர் தாலுகா கிழக்கே, கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி பக்கம் கேட்கிற ஒரு கல்லூரி சமுதாய வானொலிக்கு அடுத்த ஆண்டுத் திட்டம் போட வேண்டியிருக்கிறது. 50 வாட் டிரான்ஸ்மிட்டர். காலை 6 முதல் 10, மாலை 5 முதல் 9, ஆக எட்டு மணி நேரம். மாணவர்கள் 14 பேர், ஆளுக்கு வாரம் இரண்டு மணி நேரம் தருவார்கள். மார்ச்சில் பரீட்சை, ஏப்ரல், மே மாதங்களில் ஒருவரும் இருக்கமாட்டார்கள்.

இப்போது பாதி நேரத்துக்கு மேல் சினிமாப் பாட்டுத்தான் ஓடுகிறது. அதைக் குறைத்து விவசாயம், ஆரோக்கியம், படிப்பு என்று ஊருக்கு உபயோகமாக மாற்ற வேண்டும். கேட்பவர்களில் தமிழ் பேசுகிறவர்களும் உண்டு, மலையாளம் பேசுகிறவர்களும் உண்டு. எல்லாவற்றையும் இரண்டு மொழியிலும் போட வேண்டுமா? ஆண்டு முடிவில் ஊருக்கு என்ன செய்தோம் என்று ஒரு பக்க அறிக்கை கொடுக்க வேண்டும். அதற்கு எதை எண்ணி வைப்பது? துலாவர்ஷ (வடகிழக்குப் பருவமழை) இடியிலிருந்து கருவிகளைக் காப்பது பற்றியும் தெரிந்தவர்கள் சொல்லவும்.

---

மூங்கில்மடை

முதலில் ஆள் கணக்குப் போடுங்கள், நிகழ்ச்சிப் பட்டியல் அப்புறம். 14 பேர், ஆளுக்கு 2 மணி என்றால் வாரம் 28 மணி நேர உழைப்பு. பத்து நிமிட உரையாடல் ஒன்றுக்கு ஆளைத் தேடிப் போவது, பதிவு செய்வது, வெட்டி ஒட்டுவது, முன்னுரை சேர்ப்பது எல்லாம் சேர்த்து நான்கு மணி நேரம் ஆகும். ஆக வாரம் ஏழு துண்டு, நாளுக்கு ஒன்று. உங்கள் நிலையத்தின் உண்மையான பலம் இவ்வளவுதான். தினம் இரண்டு மணி நேரம் புது நிகழ்ச்சி என்று திட்டத்தில் எழுதிவிட்டால் ஆகஸ்டுக்குள் மறுபடியும் பாட்டுக்கே வந்துவிடுவீர்கள்.

அந்த ஒரு துண்டைக் காலை 6.30க்கும் மாலை 7க்கும் போடுங்கள், மறுநாள் காலை 9க்கு இன்னொரு முறை. 6.30க்குக் கேட்பவர் பால் சொசைட்டிக்குப் போகிறவர். 9 மணிக்கு வீட்டில் இருக்கும் பெண்கள். ஏழுக்கு வேலை முடித்து வந்தவர். ஒரே ஆள் மூன்று தடவை கேட்கமாட்டார். மறு ஒலிபரப்பைக் குறையாக நினைக்க வேண்டாம்.

ஆண்டை விவசாயி பார்க்கிற மாதிரி பாருங்கள். எந்த விஷயமும் தேவைப்படும் நாளுக்கு மூன்று வாரம் முன்னால் காற்றில் வர வேண்டும். பூ கருகிய பிறகு மாம்பூ பற்றிப் பேசி யாருக்கும் லாபமில்லை. முதலமடை மாந்தோப்புகளில் பெரும்பாலும் நவம்பர், டிசம்பரில் பூக்கும். தத்துப்பூச்சி, சாம்பல் நோய் பற்றிய பேச்சு அக்டோபர் கடைசியில் தொடங்க வேண்டும். மருந்தின் பெயர், அளவு, எத்தனை லிட்டர் தண்ணீருக்கு என்பதைக் கிருஷி பவன் (வேளாண் அலுவலகம்) அதிகாரியின் குரலிலேயே கொடுங்கள். மாணவர் படித்துக் காட்டினால் ஒரு எண் தவறினாலும் தோப்பு போய்விடும். நெல்லுக்கு இரண்டு போகம்: முதல் போகமான விரிப்புக்கு ஏப்ரலிலேயே விதை, நாற்றங்கால். இரண்டாம் போகமான முண்டகனுக்குச் செப்டம்பர், அக்டோபர். முண்டகன் கால்வாய்த் தண்ணீரை நம்பி நிற்பது. மூலத்தறை அணையிலிருந்து எந்தத் தேதி திறப்பு, எந்தக் கிளைக்கு எத்தனை நாள் முறை என்பதை நீர்ப்பாசன அலுவலகத்திலிருந்து எழுத்தில் வாங்கி, தேதியோடு வாசியுங்கள். இந்த ஒரு அறிவிப்புக்காகவே வானொலியைத் திறக்கிற வீடுகள் இருக்கும்.

மற்ற மாதங்களுக்குச் சுருக்கமாக: ஜூன், ஜூலையில் காய்ச்சல், கொசு, பள்ளிச் சேர்க்கை. ஜனவரி, பிப்ரவரியில் எஸ்.எஸ்.எல்.சி. தமிழ் மீடியப் பிள்ளைகளுக்குப் பாடவாரியாகப் பத்து நிமிடப் பயிற்சி. அவர்களுக்கு வேறு ஊடகத்தில் கிடைப்பது குறைவு. இதில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். மார்ச் முதல் வெயில், குடிநீர், மாடுகளுக்குத் தீவனம்.

---

கருமண்

மொழி விஷயம். ஒரே நிகழ்ச்சியைத் தமிழில் ஒன்று மலையாளத்தில் ஒன்று என்று இரட்டிப்பாக்காதீர்கள். மேலே சொன்ன 28 மணி நேரம் அதிலேயே பாதி போய்விடும். பேசுகிறவர் அவர் மொழியில் பேசட்டும். தொகுப்பாளர் நடுநடுவே இருபது வினாடியில் சாரத்தை மற்ற மொழியில் சொன்னால் போதும். இங்கே உள்ளவர்களுக்கு இரண்டு மொழியும் காதுக்குப் பழக்கம். ஆனால் எண், தேதி, தொலைபேசி எண், மருந்தின் அளவு ஆகிய நான்கையும் கட்டாயம் இரண்டு மொழியிலும், மெதுவாக, இரண்டு தடவை.

அரசு அறிவிப்பு மலையாளத்தில் வரும். அதைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால் விபரீதம். மலையாளத்தில் 'வெள்ளம்' என்றால் தண்ணீர். பெருவெள்ளத்துக்கு 'வெள்ளப்பொக்கம்' என்பார்கள். "நாளை கால்வாயில் வெள்ளம் வரும்" என்று தமிழில் வாசித்தால், எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டிலிருந்து தோட்ட வேலைக்கு வந்திருக்கிறவர் பதறிப்போவார். 'தொழில் அவசரம்' என்பது அங்கே வேலைவாய்ப்பு. தமிழ்க் காதுக்கு ஏதோ அவசர நிலை. இப்படிப்பட்ட சொற்களை ஒரு தாளில் எழுதி, வாசிக்கும் மேசைக்கு எதிரே ஒட்டி வையுங்கள்.

மறுபக்கமும் உண்டு. சென்னைப் பாடநூல் தமிழ் இங்கே வேலைக்காகாது. வட்டாட்சியர் என்றால் யோசிப்பார்கள், தாசில்தார் என்றால் தெரியும். வேளாண் அலுவலகம் வேண்டாம், கிருஷி பவன். மகளிர் குழு வேண்டாம், குடும்பஸ்ரீ அயல்கூட்டம். ரேஷன் கார்டை மஞ்சள், இளஞ்சிவப்பு, நீலம், வெள்ளை என்று நிறத்தால் சொல்லுங்கள்; பிரிவின் பெயரைச் சொன்னால் யாருக்கும் பிடிபடாது.

வாரம் ஒரு துண்டை 'படிவம் வாசிப்பு' என்றே வைக்கலாம். மலையாளத்தில் அச்சான விண்ணப்பம் ஒன்றை எடுத்து, முதல் கட்டத்தில் என்ன கேட்கிறார்கள், எந்த நகல் இணைக்க வேண்டும், அட்சயா மையத்துக்கு (அரசு இணையச் சேவை மையம்) போகும்போது எதை மறக்கக் கூடாது என்று வரிசையாகச் சொல்வது. தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த பெரியவர்களுக்கு இதைவிடப் பெரிய சேவை வேறு இல்லை என்பது என் எண்ணம்.

---

ஒலிப்பெட்டி

கருவி பற்றி. செப்டம்பர் கடைசி வாரத்தில் ஒரு நாள் ஒலிபரப்பை நிறுத்திவிட்டு மாஸ்ட் (ஆன்டெனா நிற்கும் கம்பம்) வேலையை முடியுங்கள். துலாவர்ஷத்தில் மதியத்துக்கு மேல்தான் பெரும்பாலும் இடி, அதாவது உங்கள் மாலை ஒலிபரப்பு நேரம்.

பார்க்க வேண்டியது மூன்று இடம். ஆன்டெனா முனையில் கேபிள் சேரும் கனெக்டர்: மேலே சுற்றிய டேப் வெயிலில் வெடித்திருந்தால் தண்ணீர் இறங்கும். பழையதை முழுக்க உரித்து, உள்ளே பச்சை பிடித்திருந்தால் கனெக்டரையே மாற்றி, தன்னோடு தானே ஒட்டும் ரப்பர் டேப்பைக் கீழிருந்து மேலாகச் சுற்றுங்கள். ஓட்டு வீட்டில் ஓடு அடுக்குகிற மாதிரி, மேல் சுற்று கீழ்ச் சுற்றின் மேல் ஏற வேண்டும். அடுத்தது, கேபிள் கட்டிடத்துக்குள் நுழையும் முன் கீழே வளைந்து ஏறுகிறதா என்று பாருங்கள். அந்த வளைவு இல்லாவிட்டால் மழைநீர் கேபிள் வழியே நேராக டிரான்ஸ்மிட்டருக்கு வரும். மூன்றாவது எர்த் குழி. அளந்தால் 5 ஓமுக்குக் கீழே இருக்க வேண்டும். கோடையில் கருமண் வெடித்துக் கம்பியை விட்டு விலகிவிடும், அதனால் மழைக்கு முன் அளவு ஏறியிருக்கும்.

தினம் காலை ஆன் செய்ததும் ஆன்டெனாவுக்குப் போகும் பவர், அங்கிருந்து திரும்பும் பவர் இரண்டையும் நோட்டில் எழுதுங்கள். 50 வாட்டில் ஒரு வாட்டுக்குள் திரும்பிக்கொண்டிருந்தது திடீரென்று மூன்று வாட் ஆனால் கனெக்டரில் தண்ணீர் புகுந்துவிட்டது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். இடி நெருங்கினால் முதலில் டிரான்ஸ்மிட்டரை நிறுத்தி, மின் பிளக்கைப் பிடுங்கி, பிறகு ஆன்டெனா கேபிளைக் கழற்றுங்கள். தலைக்கு மேல் இடிக்கிறது என்றால் கேபிளைத் தொடவே வேண்டாம். திரும்ப மாட்டும்போது கேபிளை மாட்டிய பிறகே ஆன் செய்ய வேண்டும். ஆன்டெனா இல்லாமல் ஆன் செய்தால் கடைசி நிலை டிரான்சிஸ்டர் போய்விடும்.

பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வெளிப்பதிவைக் கெடுக்கும். மைக்குக்கு ஸ்பாஞ்ச் உறை போதாது, ரோம உறை போடுங்கள். வாயிலிருந்து ஒரு சாண் தூரம், நேராக அல்லாமல் சற்றுப் பக்கவாட்டில். ரெக்கார்டரில் லோ கட்டை (தாழ்ந்த ஒலியை வெட்டும் வசதி) 80 ஹெர்ட்ஸில் வையுங்கள். மோட்டார் செட் ஓடிக்கொண்டிருந்தால் நிறுத்தச் சொல்லிவிட்டே பதிவு செய்யுங்கள். அந்த உறுமலை ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் எடுக்கப் போனால் பேச்சும் சேர்ந்து தகரமாகிவிடும்.

---

கோரையாறு

அறிக்கைக்கு முன் சமுதாய வானொலி விதிகள், ஏனெனில் கணக்கு அங்கிருந்துதான் தொடங்கும். நிகழ்ச்சியில் பாதியாவது உள்ளூர் மக்கள் பங்கேற்று உள்ளூரிலேயே தயாரித்ததாக இருக்க வேண்டும். அது 2006 முதலே உள்ள விதி. பாதிக்கு மேல் சினிமாப் பாட்டு என்றால் விதிப்படியே சிக்கல். 2024இல் திருத்திய விதிகளில் விளம்பரம் மணிக்கு 12 நிமிடம் வரை போகலாம், ஆலோசனைக் குழுவில் பாதிப் பேர் பெண்கள். செய்தி, அரசியல் கூடாது. ஆகாசவாணி செய்தியை மாற்றாமல் அப்படியே எடுத்துப் போடலாம். வானிலை, உள்ளூர்த் திருவிழா, தேர்வு முடிவு, வேலைவாய்ப்பு, நிர்வாகம் தரும் மின்சார, குடிநீர், பேரிடர் அறிவிப்பு எல்லாம் செய்தியாகக் கொள்ளப்படாது, தயங்காமல் போடலாம்.

ஒலிபரப்பியதை மூன்று மாதம் சேமித்து வைக்க வேண்டும். ஸ்டூடியோ வெளியீட்டைப் பதியாமல் ஒரு சின்ன எஃப்.எம். ரிசீவரின் வெளியீட்டைப் பதியுங்கள். காற்றில் என்ன போனதோ அதுவே சாட்சி. 64 கேபிபிஎஸ் எம்பி3 என்றால் மணிக்கு 28.8 எம்பி, எட்டு மணிக்கு 230 எம்பி, 90 நாளைக்கு 21 ஜிபிக்குச் சற்றுக் குறைவு. 64 ஜிபி பென் டிரைவ் ஒன்று தாராளம்.

மழை எச்சரிக்கையை நிறத்தோடு நிறுத்தாதீர்கள். ஆரஞ்சு என்றால் 24 மணி நேரத்தில் 115.6 முதல் 204.4 மில்லிமீட்டர். ஒரு சென்ட் நிலத்தில் 4,600 லிட்டருக்கு மேல் தண்ணீர் விழும் என்று சொன்னால் கிணற்றுக்கரைக்காரருக்கும் தொழுவக்காரருக்கும் உடனே விளங்கும்.

இனி எண்ணுவது. ஒலிபரப்பிய மணி நேரத்தை எண்ணிக் கொடுப்பது சுலபம், ஆனால் அதில் சேவை தெரியாது. ஒரு கேள்விப் பதிவேடு வையுங்கள்: தேதி, ஊர், கேள்வி, யாரிடம் கேட்டோம், பதில் ஒலிபரப்பான தேதி. கேள்வி வருவது வாட்ஸ்அப் குரல் பதிவாக இருக்கட்டும், எழுதத் தெரியாதவரும் கேட்பார். ஆண்டு முடிவில் எத்தனை கேள்வி வந்தது, எத்தனைக்குப் பதில் போனது, சராசரி எத்தனை நாள் ஆயிற்று என்ற மூன்று எண் போதும். பதில் சொல்ல முடியாமல் போனவற்றையும் அறிக்கையில் போடுங்கள். அவற்றிலிருந்துதான் அடுத்த ஆண்டுத் திட்டம் வரும்.

கேட்பவர் கணக்குக்கு டிசம்பரில் ஒரு முறை, பிப்ரவரியில் ஒரு முறை 50 வீடு போதும். ஐந்து வார்டு, வார்டுக்குப் பத்து வீடு, ஒன்று விட்டு ஒன்று. "வானொலி கேட்பீர்களா" என்று கேட்காதீர்கள், மரியாதைக்காக ஆமாம் என்பார்கள். "நேற்றுக் கேட்டீர்களா, என்ன போட்டார்கள்" என்று கேளுங்கள். எதில் கேட்கிறார்கள் என்றும் குறியுங்கள். எஃப்.எம். சிப் இல்லாத போன்கள் பெருகிவிட்டன. சிப் இருந்தாலும் பெரும்பாலானவற்றில் இயர்போன் ஒயர்தான் ஆன்டெனா, ஒயர் இல்லாவிட்டால் நிலையமே வராது. அப்படிப்பட்ட வார்டுகளில் அந்த வாரத்து ஏழு துண்டையும் பென் டிரைவில் போட்டு, அயல்கூட்டம் கூடும் நாளில் ஒரு ஸ்பீக்கரில் கேட்க வையுங்கள். ஒரு கூட்டத்தில் 10 முதல் 20 பேர் இருப்பார்கள். கேட்டு முடித்ததும் எழும் கேள்விகளை அங்கேயே பதிவு செய்துகொண்டால் அடுத்த வாரத்துக்கு நிகழ்ச்சி தயார்.

---

வேலந்தாவளம் பாதை

எல்லோருக்கும் நன்றி. ஆள் கணக்கைப் போட்ட பிறகுதான் எங்கே இடறியது என்று புரிகிறது. மூங்கில்மடை சார், ஒன்று விட்டுப்போயிற்று. ஏப்ரல், மே இரண்டு மாதத்துக்கும் என்ன செய்வது? புது நிகழ்ச்சி எதுவும் தயாரிக்க ஆள் இல்லை.

---

மூங்கில்மடை

வாரம் ஏழில் ஒன்றை இப்போதே ஒதுக்கி வையுங்கள். ஜூன் முதல் பிப்ரவரி வரை விடுமுறை கழித்து 30 வாரமாவது வேலை நடக்கும், 30 துண்டு சேரும். ஏப்ரலும் மேயும் சேர்ந்து 61 நாள். ஒவ்வொன்றும் இரண்டு நாள் ஓடினால் கணக்குச் சரி. தேதி சொல்லாத விஷயமாகத் தேர்ந்தெடுங்கள்: பாம்புக்கடி முதலுதவி, மாட்டுக்கு மடிநோய், கிணறு சுத்தம், விரிப்புக்கு விதை நேர்த்தி, பாட்டிமார் தாலாட்டு, கும்மி. விஷுவை ஒட்டி நடக்கும் கண்ணியார்களி என்ற பாலக்காட்டு நாட்டார் கலையின் புறாட்டுப் பாடல்களில் தமிழ் கலந்து வரும். அதை ஒரு ஆண்டு பதிவு செய்து அடுத்த ஆண்டு ஏப்ரலுக்கு வைத்துக்கொள்ளலாம்.

பாடுகிறவர் யாராக இருந்தாலும், பதிவின் தொடக்கத்திலேயே பெயர், ஊர், தேதி, ஒலிபரப்பச் சம்மதம் ஆகியவற்றை அவர் வாயாலேயே சொல்ல வைத்துவிடுங்கள். தனித்தாளில் எழுதி வாங்கியது தொலைந்து போகும், ஒலிக்கோப்பில் இருப்பது கூடவே வரும். கோப்பின் பெயரில் மாதம், மொழி, நிமிடம் மூன்றும் இருக்கட்டும். மே மாதம் ஒற்றை ஆளாக உட்கார்ந்து வரிசை போடுகிற அலுவலகப் பணியாளர் திறந்து கேட்டுப் பார்க்காமலே எடுத்துப் போட முடிய வேண்டும்.