‘பல்’ எப்படி ‘பயில்’ ஆகிறது? எல்கேஜி, யூகேஜி வாசிப்பு அனுபவங்கள்

யூகேஜி ஆசிரியை, திண்டுக்கல்:

போன வாரம் ஒரு பையன் ‘பல்’ என்ற சொல்லை எழுத்துக்கூட்டி “ப... இல்... பயில்” என்று படித்தான். பக்கத்திலேயே பல் படம் இருக்கிறது. அப்படியும் பயில்தான். எங்களுக்கு இது வருடா வருடம் வருவது. மெய்யெழுத்தைத் தனியாகச் சொல்வது கஷ்டம் என்று முன்னால் ஓர் இகரம் சேர்த்து “இக், இங், இச்” என்று பாட்டாகவே சொல்லிக் கொடுத்துவிடுகிறோம். பிள்ளை அந்த இகரத்தையும் சேர்த்துத்தான் கூட்டும். அதன் கணக்குப்படி பயில் சரியான விடை.

பாட்டை நிறுத்தச் சொல்லவில்லை. வரிசை மனதில் நிற்க அது வேண்டும். ஆனால் படிக்கும் வேலையை நான் வேறு இடத்தில் தொடங்குகிறேன், அதுவும் எழுத்தே இல்லாமல். டிபன் பாக்ஸ் எடுக்க வரிசையில் நிற்கும்போது “யாருக்கு மீ...ன் வேணும்? யாருக்குப் பா...ல் வேணும்?” என்று பிரித்துக் கேட்பேன். ஒட்டிச் சொல்கிறவர் முன்னால் போகலாம். காது பழகிய பிறகுதான் கரும்பலகையில் கல், பல், கண், மண், மான், தேன். கடைசி எழுத்து ல், ன், ண், ம் என்று இருந்தால் வாயில் இழுத்துக்கொண்டே இருக்கலாம். க், ட், ப் அப்படி இழுபடாது, சட்டென்று அடைத்துக்கொள்ளும். அதனால் பக்கம், பட்டம், கப்பல் எல்லாம் அப்புறம். எழுத்தின் மேல் புள்ளி வந்தால் விரித்த கையை மூட வேண்டும் என்று ஒரு சைகையும் வைத்திருக்கிறோம். ‘பயில்’ பையன் இப்போது வாயைவிடக் கையை நம்பித்தான் படிக்கிறான்.

உங்கள் பிள்ளைகள் எங்கே மாட்டிக்கொண்டார்கள்? சொல்லுங்கள்.

இரண்டு பிள்ளைகளின் அம்மா, ஓசூர்:

டீச்சர், எங்கள் வீட்டில் இதே கூத்து ஆங்கிலத்தில். மகள் பள்ளியில் ஃபோனிக்ஸ், அதாவது எழுத்தின் பெயரை விட்டு ஒலியை வைத்துப் படிக்கும் முறை. முதலில் எஸ், ஏ, டி, ஐ, பி, என் என்ற ஆறு எழுத்துகளின் ஒலி மட்டும் சொல்லிக் கொடுத்தார்கள். இந்த ஆறை வைத்தே பின், டின், சிட், டிப் என்று நிறையச் சொற்களைப் படித்துவிடலாம், அதனால்தான் ஏபிசிடி வரிசையில் போகவில்லை என்றார் மிஸ். நியாயமாகத்தான் பட்டது. மாமியார் ஒத்துக்கொள்ளவில்லை. “ஏபிசிடி முழுசா சொல்லத் தெரியலை, இதுக்கா இவ்வளவு ஃபீஸ்?” என்று மதியம் அவரே ‘ஏ ஃபார் ஆப்பிள்’ வகுப்பு எடுத்தார். சாயங்காலம் பூனைப் படத்தின் கீழே இருந்த மூன்று எழுத்தையும் பிள்ளை “சி... ஏ... டி... சியேட்டி” என்று படித்தாள். மாமியாருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

வாட்ஸ்அப்பில் சுற்றும் ஃபோனிக்ஸ் வீடியோக்கள் இன்னொரு தொல்லை. பாதி வீடியோவில் ஒவ்வொரு ஒலிக்கும் வாலாக ஓர் அகரம். “க, ஆ, ட” என்று கேட்டுவிட்டுப் பிள்ளை எப்படி ‘கேட்’ என்று சொல்லும்? நாம் வேறு பஸ்ஸை பஸ்ஸு என்கிற ஆட்கள். வீட்டில் எழுத்தின் பெயரைச் சொல்லலாமா, ஒலி மட்டும் போதுமா?

மாண்டிசோரி ஆசிரியை, சென்னை:

ஒலி முதலில், பெயர் பிறகு. நாங்கள் உப்புத்தாளில் வெட்டிய எழுத்தை விரலால் தடவிக்கொண்டே ஒலியைச் சொல்ல வைக்கிறோம். முதலில் “இது ம்”. பிறகு “ம் எது, காட்டு”. கடைசியில்தான் “இது என்ன?” அங்கே தடுமாறினால் திருத்துவதில்லை, பேசாமல் முதல் படிக்குப் போய்விடுவோம். பெற்றோர் பலர் இதைப் புது ஃபேஷன் என்று நினைக்கிறார்கள். இந்த முறையை உருவாக்கிய மரியா மாண்டிசோரி 1939இலேயே அடையாறு பிரம்மஞான சபைக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர். போர் மூண்டதால் பல வருடம் இந்தியாவிலேயே இருந்தார்.

இன்னொன்று. எங்கள் பிள்ளைகள் படிக்கும் முன்பே எழுத்து அட்டைகளை அடுக்கிச் சொல் செய்வார்கள். ஒருத்தி ‘அபா’ என்று அடுக்கிவிட்டு அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினாள். அப்பா முகம் சுண்டிவிட்டது. எனக்கோ பெரிய சந்தோஷம். ஒலியைக் கேட்டு எழுத்தைத் தேடத் தொடங்கிவிட்டாளே! ‘ப்’ தானாக வந்து சேரும்.

அரசு தொடக்கப் பள்ளி ஆசிரியர், விழுப்புரம் மாவட்டம்:

டீச்சர் சொன்ன ‘இக்’ பிரச்சினையைத் தாண்டினால் கொம்பு வந்து முட்டும். இடமிருந்து வலமாகப் படி என்று சொன்னது நாம்தான். ‘மேசை’யில் கண்ணுக்கு முதலில் தெரிவது இரட்டைக்கொம்பு, காதுக்கு முதலில் கேட்பது ம். ‘கொ’வில் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. துணைக்கால் பார்க்க ‘ர’ மாதிரியே இருப்பதால் ‘காகம்’ கரகம் ஆகிவிடுகிறது. எங்கள் ஊரில் கரகம் எல்லோருக்கும் தெரியும், அதனால் பிள்ளைக்குச் சந்தேகமே வராது. கு, சு, து, மு என்று உகர வரிசையில் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகச் சுழிக்கும். அதற்குக் குறுக்குவழி எனக்குத் தெரிந்து இல்லை, மெதுவாகத்தான் போக வேண்டும்.

2022இல் அரசின் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் வந்த பிறகு ஒன்று முதல் மூன்று வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பார்த்து உட்கார வைக்கிறோம். அரும்பில் இருக்கும் பிள்ளைக்குக் கொம்பையும் எழுத்தையும் நான் பிரித்துக் காட்டுவதில்லை. ‘மே’ முழுதாக ஓர் அட்டை. ஆடு எப்படிக் கத்தும்? மே. அவ்வளவுதான்.

அப்புறம் ககரம். ‘கப்பல்’, ‘தங்கம்’, ‘மகன்’ மூன்றிலும் க ஒரே மாதிரியா ஒலிக்கிறது? விளக்கப் போனால் குழப்பம்தான் மிச்சம். தெரிந்த சொல்லாக இருந்தால் பிள்ளை முதலில் முரட்டுத்தனமாகப் படித்துவிட்டு, “ஓ, தங்கம்!” என்று தானே மாற்றிக்கொள்ளும். தெரியாத சொல்லைக் கொடுத்துப் படிக்கச் சொல்வதுதான் எனக்குப் பிடிக்காத வேலை. ‘ஔடதம்’ எந்த ஐந்து வயதுப் பிள்ளைக்குத் தெரியும்?

முன்பள்ளி ஆசிரியை, யாழ்ப்பாணம்:

வீட்டில் அம்மம்மா “ஆனா, இம்மன்னா, மாவன்னா” என்று சொல்லித்தர, அது எப்படி ‘அம்மா’ ஆகிறது என்று பிள்ளை முழிக்கும். ஏடு தொடக்கின (முதல் எழுத்து எழுத வைத்த) கையோடு நாலு சொல்லாவது எழுத வேண்டும் என்று பெற்றோருக்கு அவசரம். நான் பிள்ளையின் பெயரில் இருந்துதான் தொடங்குகிறேன். தன் பெயரின் முதல் எழுத்தை எந்தப் பிள்ளையும் மறக்காது.

ஒரு தாத்தா, தஞ்சாவூர்:

நான் ஆசிரியர் இல்லை. பேத்திக்கு வீட்டுப்பாடம் சொல்லிக் கொடுக்கும் ஆள். ‘தலை’, ‘மாலை’ என்று சிலேட்டில் எழுதிக் கொடுத்தேன். “தாத்தா, உங்க லைக்குத் தும்பிக்கை இருக்கு” என்றாள். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்னால் பல்பம் பிடித்த கை இது. அப்போது மாறியது 13 எழுத்து. எனக்கு லை, னை மட்டும் இன்னும் பழைய மாதிரி, யானைத் தும்பிக்கை போன்ற வளைவோடுதான் வரும். இப்போது அவளும் தும்பிக்கை போட்டுத்தான் எழுதுவேன் என்கிறாள். டைரியில் மிஸ் சிவப்பு மையில் எழுதி அனுப்பியிருக்கிறார். ஒரு சந்தேகம்: இவள் பழத்தைப் ‘பளம்’ என்றே படிக்கிறாள். அடித்துத் திருத்தலாமா?

யூகேஜி ஆசிரியை, திண்டுக்கல்:

ஐயா, அடிக்க வேண்டாம். வீட்டில் எல்லோரும் பளம் என்று சொன்னால் அவளும் அப்படித்தான் படிப்பாள். அவள் எழுத்தைச் சரியாகத்தான் பார்த்திருக்கிறாள். ழகரத்தைப் பாட்டிலும் கதையிலும் கேட்க வையுங்கள். படிக்கும்போது இடையில் நிறுத்தித் திருத்தினால் சொல்லே கையைவிட்டுப் போய்விடும்.

ஓசூர் அம்மா, சென்னை டீச்சர் சொன்னதுதான் என் கருத்தும். ஆனால் மாமியாரின் ‘ஏ ஃபார் ஆப்பிள்’ இருந்துவிட்டுப் போகட்டும். எழுத்துக்குப் பெயரும் உண்டு, சத்தமும் உண்டு என்பது பிள்ளைக்குப் புரியும். “மாடு பேரு மாடு, கத்துறது ‘ம்மா’” என்று ஒரு தடவை சொல்லிப் பாருங்கள். புத்தகத்தைக் கடகடவென்று படிக்கிறாளே என்று மட்டும் ஏமாந்துவிடாதீர்கள். படத்தைக் கையால் மூடிவிட்டு, அதே சொல்லை வேறு தாளில் எழுதிக் காட்டிக் கேளுங்கள்.

சார், உங்கள் ‘மே’ அட்டையை இந்த வாரம் செய்யப் போகிறேன். மே, கை, பூ வரைக்கும் படம் கிடைத்துவிட்டது. ‘கௌ’ மட்டும் என் வகுப்பில் இப்போதைக்கு இல்லை. அதைக் ‘கெள’ என்று படிக்கிற பெரியவர்களே இருக்கிறார்கள்.